மருந்தடித்தவருக்கு வந்தது வெயில் மயக்கமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடிக்கும் பருவத்தில், வயலில் சுருண்டு விழுந்தவரை ‘வெயில் தாங்கவில்லை’ என்று மோர் கொடுத்து நிழலில் படுக்க வைத்துவிடுகிறார்கள். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் குடித்தால்தான் விஷம் என்றில்லை. டேங்க் கசிந்து முதுகு நனைந்தாலே தோல் வழியாக உள்ளே போகும். வெயில் மயக்கத்தில் வாய் வறளும். இந்த விஷத்திலோ எச்சில் வழியும், கண்ணீர் வடியும், வியர்வையில் உடம்பு தொப்பலாகும், வாந்தியும் பேதியும் ஆகும். கண்ணின் பாப்பா நிழலிலும் குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருக்கும். தொடையில் சதை தானாகத் துடித்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

108-ஐ அழைத்துவிட்டு, சட்டை வேட்டியைக் கழற்றி, தலைமுடி, நகக்கண், தொப்புள் வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட வேண்டும். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சாணிக் கரைசலோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பெரிய கேடு. மருந்தில் கலந்துள்ள எண்ணெய்க் கரைப்பான் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாட்டிலை லேபிளோடு கொண்டுவாருங்கள். பாராகுவாட் களைக்கொல்லி என்றால் சிகிச்சையே வேறு. அதற்கு மாற்று மருந்து கிடையாது.

சிறிய மருத்துவமனைகளில் நடக்கும் தவறு, பூச்சிமருந்து விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபினில் 0.6 மில்லிகிராம் ஆம்பூல் (ஊசிமருந்துக் குப்பி) ஒன்றை மட்டும் போட்டுப் பெரிய ஊருக்கு அனுப்புவது. பெரியவருக்கு முதல் தவணையே 3 முதல் 5 ஆம்பூல். நெஞ்சில் கரகரப்பு அடங்கி, நாடி 80-ஐத் தாண்டி, ரத்த அழுத்தத்தின் மேல் அளவும் 80-க்கு மேல் நிற்கும்வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை மருந்தின் அளவை இரட்டிப்பாக்கிப் போட வேண்டும். நாடி வேகமாக இருக்கிறதே என்று தயங்கவே கூடாது. பாப்பா விரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இலக்கு நுரையீரல்தான்.

கண் விழித்துப் பேசியதும் வீட்டுக்குக் கூட்டிப்போகத் துடிக்கிறார்கள். முதல் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் கழுத்துச் சதை தளர்ந்து, பிறகு மூச்சுத் தசைகளும் செயலிழக்கலாம். அட்ரோபின் இதற்கு உதவாது, வென்டிலேட்டர்தான் வேண்டும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி அடிக்கடி பாருங்கள். முடியவில்லை என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பிழைத்தவர் அடுத்த வாரமே டேங்கைத் தூக்குவதும் ஆபத்து. விஷம் முடக்கிய, நரம்புச் சைகைகளைக் கட்டுப்படுத்தும் நொதி ரத்தச் சிவப்பணுக்களில் நாளுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் மீள்கிறது. முன்பு தாங்கிய அளவு இப்போது தாங்காது. சில வாரங்களுக்கு அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

— அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவர்