ஓடுகிற பிள்ளைகளை ஓட்டித் தீர்த்துவிடாதீர்கள்: ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் மாவட்டங்களின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், தடகளப் பயிற்சியாளர்களுக்கும், ஊர்தோறும் சாலை ஓட்டம் நடத்துகிற அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஈரோடு மாவட்டத்தில் இயன்முறை மருத்துவராகத் தொழில் செய்கிறேன். உங்களிடம் ஓடுகிற பிள்ளைகள் நொண்டத் தொடங்கியதும் என்னிடம் வருகிறார்கள். குறுவட்டப் போட்டிகள் தொடங்கும்போது ஒருவர் இருவராக வருவார்கள். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எல்லாம் முடிந்து தை பிறக்கும்போது வாசலில் உட்கார இடம் இருக்காது. மாவட்டத்தில் முதலிடம், மாநிலத்தில் இறுதிச்சுற்று என்று பெயர் எடுத்தவர்களே இவர்களில் அதிகம்; 800, 1500, 3000 மீட்டர் ஓடுகிறவர்கள். கொங்கு மண்டலத்தின் மிகச் சிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களைப் பதினெட்டு வயதுக்குள்ளேயே நாம் ஓட்டித் தீர்த்துவிடுகிறோம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

சென்ற பருவத்தில் மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய அம்மா அழைத்து வந்தார். பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். இப்படி வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே போவது என் வழக்கம். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் நொந்திருக்கின்றன. சில வார ஓய்வில் பெரும்பாலும் தேறிவிடும். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓர் இடத்தில் மட்டும் உயிர் போகிற வலி இருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். அந்த இடத்தில் விரல் பட்டதும் அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒற்றைக் காலில் ஒரு முறை குதித்துக் காட்டு, கண்ணு" என்றேன். குதிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்ப நாட்களில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோதுதான் எலும்பில் மயிரிழைக் கீறல் இருப்பது தெரிந்தது.

அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை எல்லாம் கொண்டு வந்திருந்தார். மகள் எப்பேர்ப்பட்டவள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்ற பெருமை அவருக்கு. அவற்றைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினோம். ஒரே நாளில் 800, 1500, 3000 என்று மூன்று சான்றிதழ்கள். அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கோயில் திருவிழாச் சாலை ஓட்டம். அடுத்த வாரம் ஒரு தனியார் பள்ளி நடத்திய அழைப்புப் போட்டி. அதன் பிறகு மாவட்டம். இடையில் எந்த வாரமும் காலியாக இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். பல மாதங்களாக வரவில்லை என்றும், நன்றாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அது நின்றுவிடும், பயப்பட வேண்டாம் என்று சொன்னார்கள் என்றும் சொன்னாள்.

பயப்பட வேண்டும், ஐயா. அது பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளமே இல்லை. ஓடிச் செலவழிக்கிற அளவுக்கு அந்த உடலுக்குச் சோறு போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம் அது. இந்த ஆற்றல் பற்றாக்குறையை விரிவாக விளக்கிச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் அறிக்கை வெளியிட்டது. 2023இல் அதைப் புதுப்பித்தது. மாதவிடாய் நிற்பது, எலும்பு வலுவிழப்பது, அடிக்கடி நோய்வாய்ப்படுவது, ஓட்டத்தின் வேகம் குறைவது எல்லாம் ஒரே கொடியில் காய்ப்பவை. பையன்களுக்கும் இது வரும். அவர்களிடம் வெளியே தெரிகிற அடையாளம் குறைவு என்பதால் இன்னும் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு. உடம்பில் சதையே இல்லாத பெண்ணிடம் எடை குறைந்தால் நேரம் குறையும் என்று சொல்லி, கொள்ளு ரசத்தோடு ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கச் சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நம் ஓட்டக்காரப் பெண்கள் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள்.

எலும்பு வேலை செய்கிற விதத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுகின்றன. உடல் முதலில் பழுதான பகுதியை அரித்து எடுத்துவிட்டு, பிறகு அங்கே புதிய எலும்பைக் கட்டுகிறது. அரித்து எடுப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. அந்த நேரத்தில் வாராவாரம் போட்டி வைத்தால் கீறல் விழாமல் என்ன செய்யும்? வளரும் வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை கிடுகிடுவென்று உயரமாகிவிடும். எலும்புக்குள் சுண்ணாம்புச் சத்து நிறைவது அதற்குப் பின்னால்தான் வந்து சேரும். உயர்நிலைப் பள்ளி வயதில் எலும்பு ஏமாற்றுவதற்கு இதுவே பெரிய காரணம்.

எலும்பு முறியாமலே தீர்ந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். போன ஆண்டு ஓடிய நேரத்தை இந்த ஆண்டு எட்ட முடியாது. காலையில் படுக்கையை விட்டு எழும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கும். தூக்கம் வராது, சளி விடாது, எடுத்ததற்கெல்லாம் அழுகை வரும். மிகைப்பயிற்சி குறித்து ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013இல் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. சில நாள் ஓய்வில் சரியாகிற களைப்பு ஒரு வகை, வாரக்கணக்கில் இழுப்பது இன்னொரு வகை, மாதக்கணக்கில் ஆளையே முடக்குவது மூன்றாவது வகை என்று அது பிரித்துக் காட்டுகிறது. மூன்றாவதை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற நோய்கள் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே பிள்ளையைத் தினமும் பார்க்கிற உங்கள் கண்ணுக்கு எந்த மருத்துவரைவிடவும் முன்னால் அது தெரிய வாய்ப்பிருக்கிறது. நேரம் குறையவில்லை என்றதும் இன்னும் நான்கு சுற்று கூடுதலாக ஓடவிடுகிறீர்களே, அந்த இடத்தில்தான் களைப்பு நோயாக மாறுகிறது.

நிறைய ஓடித்தானே உச்சிக்குப் போனார் என்று உடனே செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக்கின் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியவர். கணக்கில்லாமல் 400 மீட்டர் ஓடிப் பயிற்சி எடுத்தவர். அப்போது அவருக்கு வயது 29. ஆண்டுக்கணக்கில் ஏறி ஏறி அந்த இடத்துக்கு வந்தவர் அவர். ஜப்பானின் யூக்கி கவாவுச்சியையும் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். ஆண்டு முழுவதும் மாரத்தான் மேல் மாரத்தான் ஓடி, 2018இல் கொட்டும் குளிர்மழையில் பாஸ்டனில் வென்றவர். அப்போது அவர் முழுநேர அரசு ஊழியராக இருந்தார். வேலை நாட்களில் ஒருவேளைப் பயிற்சிதான். போட்டியைக் கூட்டியவர் பயிற்சியைக் குறைத்துக்கொண்டார். போட்டியும் குறையாது, காலை மாலை பயிற்சியும் குறையாது என்று இருப்பது நம் பிள்ளைகளின் நிலை.

உலகின் உச்சியில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கென்யாவின் எலியுட் கிப்சோகே தம் சிறந்த காலத்தில் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு மாரத்தான்தான் ஓடினார். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஓடவைத்தார் என்பதை நம் பயிற்சியாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெலும் முர்ரே ஹால்பெர்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது உண்மை. ஆனால் லிடியார்ட் ஆண்டைக் கூறு கூறாகப் பிரித்தார். மாதக்கணக்கில் சீரான ஓட்டம், பிறகு மேடு, பிறகு வேகம், கடைசியில் ஒரு குறுகிய காலம் போட்டி. அவருடைய கிலோமீட்டர் கணக்கை எடுத்துக்கொண்ட நாம் அவருடைய நாட்காட்டியை விட்டுவிட்டோம்.

உச்சியிலும் தவறு நடந்திருக்கிறது. 1982 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில், வெயிலில், அமெரிக்காவின் ஆல்பர்ட்டோ சலஸாரும் டிக் பியர்ட்ஸ்லியும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். இருவருக்கும் இடையில் 2 விநாடிதான். சலஸாருக்கு அப்போது 23 வயது. அந்த நேரத்தை அவர்கள் இருவருமே மறுபடி ஒருபோதும் ஓடவில்லை. 2023இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் மாரத்தான் உலக சாதனை படைத்த கென்யாவின் கெல்வின் கிப்டம் சில வாரங்களில் 300 கிலோமீட்டர் வரை ஓடினார். இப்படியே போனால் சில ஆண்டுகளில் உடைந்துவிடுவான் என்று அவருடைய பயிற்சியாளரே வெளிப்படையாகக் கவலைப்பட்டார். 2024 பிப்ரவரியில் கிப்டம், அந்தப் பயிற்சியாளர் இருவரும் சாலை விபத்தில் போய்விட்டார்கள். உலக சாதனையாளனைப் பற்றியே ஒரு பயிற்சியாளர் அப்படிப் பதறினார் என்றால், பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி நமக்கு எவ்வளவு பதற்றம் வர வேண்டும்?

உங்களை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்ற கணக்கும், அதைக் கூட்டித் தருகிற தனிநபர் சாம்பியன் பட்டமும்தான் ஒரே பெண்ணை ஒரே நாளில் மூன்று முறை ஓடவைக்கின்றன. பள்ளி நிர்வாகம் ஒட்டுமொத்தக் கோப்பையைக் கேட்கிறது. பெற்றோர் சான்றிதழைக் கேட்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 விழுக்காடு என்றால் கேட்கத்தான் செய்வார்கள். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். தறி ஓட்டுகிற வீட்டுக்கு அது பெரிய பணம். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரேக்ளாவுக்குக் காளை வளர்க்கிறவரைக் கேளுங்கள், பந்தயம் ஓடி வந்த காளையை மறுநாளே வண்டியில் பூட்டுவாரா என்று.

சாலை ஓட்டம் நடத்துகிறவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2006இல் ஒடிசாவில் புதியா சிங் என்ற நான்கு வயதுக் குழந்தையைப் புரியிலிருந்து புவனேசுவரம் வரை 65 கிலோமீட்டர் ஓடவைத்தார்கள். பிறகு அந்த மாநில அரசு தலையிட்டுத் தடுத்தது. நாடே அதிர்ந்தது. நம் ஊரில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் 10 கிலோமீட்டர் தார்ச்சாலையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ரொக்கப் பரிசுக்காக ஓடுகிறார்கள், யாரும் அதிர்வதில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான தடகளப் போட்டியில் டிராக்கில் ஓடுகிற மிக நீண்ட தூரமே 3000 மீட்டர்தான். சிறப்பு விருந்தினர் வரும்வரை, உடல் சூடேற்றி முடித்த பிள்ளைகளை வெயிலில் நிற்கவைக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அவர் வந்த நேரத்துக்கு வரட்டும். ஓட்டம் ஆறு மணிக்கு என்றால் ஆறு மணிக்குத் தொடங்கட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரே நாளில் ஒரு பிள்ளைக்கு 1500, 3000 இரண்டில் ஒன்று மட்டும். பள்ளிப் போட்டிகளும் சங்கப் போட்டிகளும் சாலை ஓட்டங்களும் ஒரே அட்டவணையில் வர வேண்டும். மாநிலப் போட்டி முடிந்தபின் மூன்று வாரமாவது அந்த அட்டவணை காலியாக இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டத்தில் பரிசுப் பணம் வேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலும் ஓடுகிற பெண்களிடம் மாதவிடாய் பற்றி மாதம் ஒருமுறை கேட்க ஓர் ஆசிரியை இருக்கட்டும். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்கும்வரை அவள் பெயரைப் போட்டிக்குக் கொடுக்காதீர்கள். இரத்தச்சோகைப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம், காசு செலவில்லை. கோபி, சத்தி பக்கம் கீழ்பவானி வாய்க்காலின் மண்கரை இருக்கும்போது தார்ச்சாலையில் பயிற்சி வைக்காதீர்கள்.

அந்தப் பெண் இப்போது நடக்கிறாள்; மெதுவாக ஓடவும் தொடங்கியிருக்கிறாள். இந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் ஓடக்கூடாது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை மீறி அவள் பெயரை யாரும் சேர்க்க வேண்டாம் என்று அவளுடைய ஆசிரியரை இந்த மடல் வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆண்டு அட்டவணை போடுவதற்காக நீங்கள் கூடுவீர்கள். எந்த மாவட்டத்தில் என்றாலும், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நான் வருகிறேன். முன்னங்கால் எலும்பை எப்படி அழுத்திப் பார்ப்பது, காலை நாடித்துடிப்பை எப்படிக் குறித்துவைப்பது என்பதை அங்கேயே செய்து காட்டுகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
ஈரோடு மாவட்டம்.