ஸ்கோர் எங்களுக்கே தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பாம்பனில் 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். அப்புறம் என்ன, வலையைச் சரிபார்த்துக்கொண்டே கிரிக்கெட் வாக்குவாதம்தான்.

போன வாரம் பேச்சு 2011 உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்குப் போனது. தோனியின் கடைசி சிக்ஸர் எல்லோருக்கும் மனப்பாடம். இலங்கையின் குலசேகரா போட்ட பந்து என்று சின்னப் பையன்கூடச் சொல்கிறான். ஆனால் கோலி அவுட்டானதும் யுவராஜை நிறுத்திவிட்டுத் தோனி ஏன் ஐந்தாவதாக இறங்கினார் என்று ஒருவர் கேட்டதும் கொட்டகையே அமைதி. மறுமுனையில் கம்பீர் இடக்கை ஆட்டக்காரர்; யுவராஜும் இடக்கை, தோனி வலக்கை. எதிரே முரளிதரன் போன்ற ஆஃப் ஸ்பின்னர்கள்; இடக்கைக்காரருக்கு அவர்கள் பந்து வெளியே திரும்பும், இரண்டு இடக்கை சேர்ந்தால் அவர்களுக்கு வசதி. அந்த முரளிதரனை ஐபிஎல் சென்னை அணியின் வலைப்பயிற்சியில் (எங்கள் வலை இல்லை!) ஆடிப் பழகியவர் தோனி. விளையாட்டு நிருபர் எழுத வேண்டியது இதைத்தானே?

உங்கள் விளையாட்டுப் பக்கமோ ஸ்கோரை ஒப்பிக்கிறது. அதை முந்தின ராத்திரியே போனில் பார்த்தாயிற்று. ‘அனல் பறந்தது’, ‘பந்தாடினார்’ தலைப்புகளும் போதும் ஐயா. காற்று வாடையா கச்சானா என்று கரையில் நிற்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். அடியில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்றுதான் நாங்கள் உங்களிடம் கேட்கிறோம். ஆடுகளம் எப்படி இருந்தது, பீல்டரை எதற்காக நகர்த்தினார்கள் என்று நாலு வரி போடுங்கள். சரி, தோனி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டுதான்.

– மீனவ வாசகர், பாம்பன்