பென்சில் வட்டம் போட்ட ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், மறுபடி சொல்லவில்லை. என் அனுபவங்களைச் சொல்லும் புத்தகம் நேற்று இரவு அச்சுக்குப் போய்விட்டது. படபடப்பு அடங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய தம்பிகள், பழைய வருகைப் பதிவேடுகளைத் தேடிக் கொடுத்த கிண்டி நண்பர்கள், பத்து மணிக்கு மேலும் ஷட்டரை இறக்காத ராயப்பேட்டை அச்சகத்தார், என் எரிச்சலைப் பொறுத்துக்கொண்ட வீட்டார், எல்லோருக்கும் நன்றி.

திருவல்லிக்கேணியில் மெய்ப்பு பார்த்த, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்திய, ஐயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டது எழுத்துப்பிழை மட்டும்தான். 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் (ா) விழுந்திருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் பெயர் சிக்காது. பெயர்ச் சுட்டியில் பலர் விடுபட்டது அதனால்தான் என்று பிடித்தார். 'மெட்ராஸ்' வந்த இடமெல்லாம் ஒரே சொடுக்கில் 'சென்னை' ஆக்கியிருந்தோம். 1996-க்கு முந்தைய உரையாடல்களில் மெட்ராஸே இருக்கட்டும் என்று திருப்பி மாற்றினார்.

அதோடு விட்டாரா? 'முடிவெடுத்தேன்', 'நிறுத்தினேன்', 'வாங்கினேன்' என்று வந்த இடத்திலெல்லாம் விகுதியைச் சுற்றிப் பென்சில் வட்டம். தலைமைப் பண்பு அத்தியாயத்தில் ஒரே பக்கத்தில் 11. ஓரத்தில் "ஏன்?" என்று மட்டும். கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. எந்த வருஷம், கையில் எவ்வளவு பணம், யார் வேண்டாம் என்றார்கள், எது தப்பாய்ப் போனது, ஒன்றும் எழுதவில்லையே! தமிழில் 'நான்' போடாமலே தம்பட்டம் அடிக்கலாம், விகுதி பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சேர்க்க இடம்? டெமி அளவுப் புத்தகத்தில் ஒரு பாரத்துக்கு (ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிப்பது) 16 பக்கம், 19 பாரத்தில் 304 பக்கம் நிரம்பியாயிற்று. ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு பாரம், அதில் மிச்சம் வெற்றுத்தாள். முதுகு தடித்தால் அட்டையையும் மாற்ற வேண்டும். "கடைசி அத்தியாயம் 12 பக்கமும் பொன்மொழிதானே சார், எடுத்துடுங்க" என்றார் ஐயா. எடுத்தோம். விட்டுப்போன காரணங்களும், பதிவேட்டில் கிடைத்த பெயர்களும் அந்த 12 பக்கத்தில் அடங்கிவிட்டன.

பேசிய பக்கக் கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

ஐயா, அந்தப் பென்சில் பிரதி என்னிடமே இருக்கட்டும். நான்கு வட்டங்களுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அடுத்த பதிப்புக்குள் எழுதிவிடுவேன்.