எடுப்பார் கைப்பிள்ளைகளா நாங்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு அரசியல் பத்தியில் "மலையக வாக்காளர்கள் என்றைக்கும் எடுப்பார் கைப்பாவைகள்" என்று ஒரு வரி. பிளேன்டீ குடித்தும் அது தொண்டையை விட்டு இறங்கவில்லை.

முதலில் தமிழ். எடுப்பார் கைப்பிள்ளை என்றால், யார் தூக்கினாலும் அவர் தோளில் சாயும் ஆள். காலையில் மச்சான் பேச்சைக் கேட்டுக் காணியை விற்கப் புறப்படுவார், மாலையில் மனைவி சொன்னால் வேண்டாம் என்பார். கைப்பாவை அப்படியல்ல. அதற்குச் சொந்தப் புத்தியே இல்லை, ஆட்டுவதும் ஒரே கை. வேறொரு நாடு ஆட்டிவைக்கும் அரசைக் கைப்பாவை அரசு என்று தங்கள் வெளிநாட்டுப் பக்கமே சரியாக எழுதுகிறது. தங்களுக்குத் தெரியாததா! பத்தியாளர் இரண்டையும் ஒட்டித் தைத்து எங்கள் தலையில் மாட்டிவிட்டார்.

சரி, சொல் போகட்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் எங்கள் மலையகத் தோட்டத் தமிழர்கள்தான். யார் தூக்கினாலும் போகிறவர்கள் என்றால் மறுவருடமே எங்களை நாடற்றவர்களாக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எதற்கு? தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாமே! 1964இல் எங்கள் ஆட்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்திட்டபோதும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

என் அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பிரஜாவுரிமை கிடைத்த பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. எல்லாக் கட்சிக்காரரும் தந்த கலண்டர்களும் குசினிச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து, "பார்ப்போம் தம்பி" என்பார். வாக்கு யாருக்கு என்று அப்பாவுக்கே கடைசிவரை தெரியாது. கைப்பிள்ளையாம்!

அந்த அம்மாவின் மரண அறிவித்தலில் தாங்கள் 'தகனக் கிரியை'யைக் 'கனகக் கிரியை' ஆக்கினீர்கள். பணத்தை மட்டும் பிழையில்லாமல் எண்ணி வாங்கினீர்கள். மலையகம் பற்றி எழுதிய என் முந்தைய கடிதத்தில் பாதியை வெட்டியதையும் மறக்கவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு தலவாக்கலையை எடைபோடுபவர்களுக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைக்கிறது.

அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போடுங்கள், போதும். மணமகள் தேவை விளம்பரங்களுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை, தேடி வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13