அரிசி வாளிக்குள்ளை இருந்த புத்தகம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

என்ரை பிள்ளைக்கு,

போன மாசம் நீ வட்ஸ்அப்பிலை அனுப்பின குரலை இன்னும் அழிக்காமல் வைச்சிருக்கிறன். "அம்மா, உந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரைக் கட்டாயம் பாருங்கோ, அதிலை வாற தாய் அச்சு அசலாய் நீங்கள்தான்" எண்டு சொல்லிப்போட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாய். அந்தச் சிரிப்புக்காண்டித்தான் பார்க்கத் தொடங்கினன். ஒரு மணித்தியாலத்துக்குள்ளை எனக்குச் சரியான கோவம் வந்திட்டுது. நானோ உது? வாய் திறந்தா ஏச்சு. பிள்ளை நிமிர்ந்தாலும் குற்றம், குனிஞ்சாலும் குற்றம். அவ தோல் டொக்டர். எனக்கு வெங்காயத் தோலைத் தவிர வேறை தோல் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பேத்திதான் தன்ரை ரப்லற்றிலை போட்டு, இங்கிலீசு விளங்காத இடங்களிலை நிப்பாட்டி நிப்பாட்டிச் சொன்னவள். பெடியனோடை கொஞ்சுற கட்டம் வந்தா நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போயிடுவன். அவளும் தப்பினன் பிழைச்சன் எண்டு ஓடவிட்டிடுவள். அதாலை கதையிலை கால்வாசி எனக்குத் தெரியாது.

அந்தத் தொடரிலை மகளாய் நடிச்ச மைத்திரேயி இராமகிருஷ்ணன் எங்கடை ஆக்களின்ரை பிள்ளை, கனடாவிலை பிறந்து வளர்ந்தவ எண்டு கேள்விப்பட்ட நாளிலையிருந்து ஒழுங்கை முழுக்க ஒரு பெருமை. எனக்கும்தான். எண்டாலும் கதையிலை வாறது அமெரிக்காவிலை இருக்கிற இந்தியத் தமிழ்க் குடும்பம். அவையின்ரை கதை, சாப்பாடு, பூசை ஒண்டும் எங்கடை வீட்டு மாதிரி இல்லை. பிறகு என்னெண்டு அதுக்குள்ளை என்னைக் கண்டனீ? ரெண்டு கிழமையா முற்றம் கூட்டேக்கையும் இதே யோசனைதான்.

நீங்கள் இப்ப, எங்களைப் பார்த்த மாதிரி இருக்கு எண்டதுக்கு 'ரிலேற்றபிள்' எண்டு ஒரு சொல் வைச்சிருக்கிறியள். எங்களிட்டை அப்பிடிச் சொல்லும் இல்லை, பார்க்கிறதுக்கு ஆளும் இல்லை. வாறது இந்தியப் படம். கதாநாயகி அழுதா நாங்களும் அழுவம், ஆனா அவ கதைக்கிற மாதிரி இஞ்சை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. பள்ளிக்கூடத்திலை நாடகம் போட்டாலும் நாங்கள் அந்தத் தமிழிலைதான் வசனம் எழுதுவம். 'என்ரை', 'உன்ரை' எல்லாம் குசினிக் கதை, மேடையிலை சொன்னாச் சனம் சிரிக்கும் எண்டு பயம். சனம் சிரிச்சதும் உண்மைதான். கே. எஸ். பாலச்சந்திரன் தனி ஆளாய் நிண்டு 'அண்ணை ரைற்' எண்டு எங்கடை பஸ் கொண்டக்ரரைக் கொண்டுவந்து காட்டேக்கை விழுந்து விழுந்து சிரிச்சவை. அது பகிடி பண்ணின சிரிப்பில்லை. காலமை தங்களைப் புட்போட்டிலை தொங்கவிட்டவனைப் பின்னேரம் மேடையிலை பிடிச்சுப்போட்ட சிரிப்பு.

1978இலை 'வாடைக்காற்று' படம் வந்தது. செங்கை ஆழியானின்ரை நாவல். எனக்குப் பதினாறு வயசு. பெரியண்ணைதான் என்னையும் சின்னக்காவையும் கூட்டிக்கொண்டு போனவர். அது மீன்பிடிக்கிற சனத்தின்ரை கதை. நாங்கள் புகையிலையும் வெங்காயமும் வைக்கிற தோட்டக்காரர், கடலிலை கால் நனைச்சதைத் தவிர எனக்கு அதைப்பற்றி ஒண்டும் தெரியாது. ஆனா அவ்வளவு பெரிய திரையிலை எங்கடை பேச்சைக் கேட்ட உடனை எனக்குச் சந்தோசம் வரேல்லை, கூச்சம்தான் வந்தது. எங்கடை குசினிக் கதவை ஆரோ தெருவுக்குத் திறந்து விட்ட மாதிரி. சின்னக்கா என்ரை கையைக் கிள்ளினவ. அவவுக்கும் அப்பிடித்தானாம்.

அதுக்குப் பிறகு கனகாலம், எங்கடை கதை கதைச்சாத்தான் எங்கடை ஆள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். அதைக் குழப்பினது ஒரு ரஷ்யக் கிழவி. மொஸ்கோவிலை அச்சடிச்சு வாற தமிழ்ப் புத்தகங்கள் அப்ப நல்ல மலிவு, பொது நூலகத்திலையும் கிடக்கும். என்ரை அட்டைக்கு எடுத்த ஒண்டிலை ஒரு கிழவி வருவா. தன்ரை மோனுக்கெண்டு நல்ல இறைச்சித் துண்டை ஒளிச்சு வைச்சுப்போட்டு, மருமகளுக்கு "முடிஞ்சுது பிள்ளை" எண்டு முகத்துக்கு நேரை பொய் சொல்லுவா. வெளியிலை பனி கொட்டுது, குதிரை வண்டி போகுது, ஆனா அது எங்கடை அப்பாச்சியேதான். கருவாட்டிலை அவ செய்த வேலையை நான் கண்ணாலை கண்டவள். மொழியும் வேறை, சாமியும் வேறை, களவு மட்டும் ஒண்டு.

1981 வைகாசி 31 இரவு நூலகத்தை எரிச்சினம். 97,000 புத்தகங்கள் எண்டு சொல்லுவினம். என்ரை கையிலை அந்தக் கிழவி மட்டும் மிஞ்சினா. திருப்பிக் குடுக்கிற திகதி முத்திரை குத்தி உள்ளை ஒட்டியிருக்கு, குடுக்க இடம் இல்லை. ஊரே இடம்பெயர்ந்த 1995 ஐப்பசி 30 இரவு உன்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நாவற்குழிப் பாலத்திலை சனத்துக்குள்ளை நெரிபட்டு நிக்கேக்கைதான், ஐயோ கிழவியை விட்டிட்டன் எண்டு நினைச்சன். சாமி படமும் அங்கைதான் கிடந்தது, அது ஞாபகம் வரேல்லை. திரும்பி வந்து பார்த்தா வீட்டிலை கூரையும் இல்லை, கிழவியும் இல்லை.

உன்ரை தாத்தாவைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். கோயிலிலை கந்தபுராணப் படிப்பு நடக்கும், ஒருத்தர் பாட்டைப் படிக்க மற்றவர் பயன் சொல்லுவார். மோன் பானுகோபன் செத்துப்போனான் எண்டு கேட்டுச் சூரன் புலம்புற இடம் வந்தா தாத்தா சால்வையாலை முகத்தை மூடிக்கொண்டு அழுவார். "சூரனுக்காண்டி அழுறியளோ, முருகன் கோவிக்க மாட்டாரோ?" எண்டு நான் சின்னனிலை கேட்டிருக்கிறன். "பிள்ளையைக் குடுத்தவன் எல்லாம் ஒண்டுதான்" எண்டார். எங்களுக்கு முதல் பிறந்து செத்துப்போன ஆம்பிளைப் பிள்ளை ஒண்டு இருந்ததெண்டு அம்மா சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரியும். தாத்தா வாய் திறந்து அதைப்பற்றிச் சொன்னதே இல்லை.

உன்ரை அப்பாவும் கதையெண்டா விடமாட்டார். கரண்ட் இல்லாத காலத்திலை சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவிலை வயரைக் கொழுவி, கையாலை பெடலைச் சுத்திச் சுத்தி வானொலி நாடகம் கேட்டது உனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். கை உளைஞ்சுதெண்டாக் குரல் தேய்ஞ்சு போகும். மாமி மருமகள் சண்டை வந்தா மட்டும் மனுசன் உளைவே இல்லாமல் சுத்துவார்.

சரி, இனிச் சொல்ல வந்ததுக்கு வாறன். போனிலை சொன்னா நீ இடையிலை சிரிப்பாய், இல்லாட்டி நான் அழுதுபோடுவன். அதாலைதான் கடிதம்.

அந்தத் தொடரிலை, பிள்ளை வாத்தியக் கச்சேரியிலை வாசிச்சுக்கொண்டிருக்கேக்கை தகப்பன் நெஞ்சு வருத்தத்திலை விழுந்து செத்துப்போறார். பிறகு கொஞ்சக் காலம் அந்தப் பிள்ளைக்குக் கால் இயங்காமல் போகுது. அந்த இடத்திலை நான் குசினிக்குப் போகேல்லை. பேத்தி என்ரை முகத்தைப் பார்த்துப்போட்டு "ஆச்சி, நிப்பாட்டவோ?" எண்டு கேட்டவள். வேண்டாம் எண்டன்.

அப்பா செத்தது 2005. உனக்குக் கால் நல்லாத்தான் இருந்தது. கதைதான் நிண்டது. பள்ளிக்கூடம், ரியூசன், சாப்பாடு எல்லாம் ஒழுங்கு. வீட்டிலை மட்டும் புத்தகத்துக்குள்ளை முகத்தை வைச்சுக்கொண்டு இருப்பாய். அடுத்த வருசம் ஆவணியிலை எங்களுக்குச் சாமான் வாற ஏ9 பாதையைப் பூட்டினாங்கள். சீனிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பொழுதுபட ஊரடங்கு. காலமை வேலைக்குப் போன பெடியன் பின்னேரம் வீட்டுக்கு வராத கதை கிழமைக்குக் கிழமை காதிலை விழும். நீ மார்கழியிலை ஓ.எல். சோதனை எடுக்கவேணும். ரியூசன் முடிஞ்சு நீ பத்து நிமிசம் பிந்தினா எனக்கு வயித்தைப் பிரட்டும், படலையடியிலை உன்ரை சைக்கிளைக் கண்ட உடனை அது ஏச்சாத்தான் வெளியிலை வரும். "ஆரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீ?" எண்டுதான் கேப்பன். பயந்து போனன் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த நேரத்திலைதான் உன்ரை கணக்குப் புத்தகத்துக்குள்ளை ஒரு நாவலைக் கண்டு பறிச்சனான். அப்பா உனக்கு வாங்கித் தந்த கடைசிப் புத்தகம். நீ காலைப் பிடிக்காத குறையாய்க் கேட்டும் நான் குடுக்கேல்லை. சோதனை முடியத் தாறன் எண்டன். சோதனை முடிஞ்சு நீ கேட்டபோது துலைஞ்சு போச்சு எண்டன். அண்டைக்கு நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கேல்லை.

அது துலையேல்லை. அரிசி வாளிக்குள்ளை, அரிசிக்குக் கீழை கிடந்தது. பறிச்ச அண்டு இரவே, நீ படுத்த பிறகு, ஜாம் போத்தல் விளக்கை வைச்சுக்கொண்டு படிச்சனான். என்ன கண்டறியாததைப் படிக்கிறாய் எண்டு பார்க்கத்தான் எடுத்தது, மூண்டு இரவிலை முடிச்சன். அதுக்குள்ளையும் ஒரு தாய். புருசனை இழந்தவ. பிள்ளை சிரிச்சாலும் ஏசுவா, சிரிக்காட்டியும் ஏசுவா. எனக்கு அவவிலை சரியான வெறுப்பு வந்தது. இப்பிடியும் ஒரு தாயோ எண்டு நினைச்சுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினா, ஓரத்திலை பென்சிலாலை உன்ரை கையெழுத்து. "எங்கடை அம்மா" எண்டு எழுதி ரெண்டு கோடு கீறியிருந்தாய்.

அதுக்குப் பிறகு என்னெண்டு திருப்பித் தாறது? தந்தா நான் படிச்சது உனக்குத் தெரிஞ்சுபோம். உன்னோடை கோவமெண்டு நினைக்காதை. வெக்கம்தான். ஒருவேளை உண்மையிலையே துலைஞ்சிருந்தா நல்லமெண்டும் நினைச்சிருக்கிறன். அரிசி மாத்தேக்கை எல்லாம் அதைத் துடைச்சுத் துடைச்சுத் திரும்பவும் அடியிலை வைச்சனான். உனக்குக் கலியாணம் முடிஞ்சு நீ விமானம் ஏறின பிறகுதான் அலுமாரிக்கு வந்தது.

பதினேழு வருசம் கழிச்சு, நீ இன்னொரு தாயைக் காட்டித் திரும்பவும் "எங்கடை அம்மா" எண்டாய். இந்தமுறை சிரிச்சுக்கொண்டு சொன்னனீ. அந்தச் சிரிப்பைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கிறன். தொடரிலை அவையள் தகப்பனின்ரை சாம்பலைக் கொண்டுபோய்க் கடலிலை கரைக்கிற இடத்திலை அந்தத் தாயை எனக்குப் பிடிச்சுப்போச்சு. முகம் அழுகையை அடக்கினபடி, குரல் மட்டும் பிள்ளையை அதட்டுறதுக்கு ஆயத்தமாய். அப்பாவின்ரை சாம்பலைக் கரைக்கேக்கை நான் கீரிமலையிலை அப்பிடித்தான் நிண்டிருப்பன். உனக்குத்தான் தெரியும், நீதானே பக்கத்திலை நிண்டனீ.

திருவிழாவுக்கு வந்து நிக்கிற குஞ்சியம்மா வாற கிழமை திரும்பி வாறா. மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ, புழுக்கொடியல், கொஞ்சம் பனங்கட்டி குடுத்து விட்டிருக்கிறன். மிளகாய்த்தூள் பாக்கெட்டோடை பொலித்தீனிலை சுத்தி அந்தப் புத்தகமும் இருக்கு. அட்டையிலை அரிசித் தவிடு ஒட்டியிருக்கும், துடைச்சுப் பார்த்தன், போகேல்லை. நீ மூலை மடிச்ச பக்கம் அப்பிடியே இருக்கு. அதுக்குப் பிறகு வாற ரெண்டு மடிப்பும் என்ரை. கடைசி அதிகாரத்திலை அந்தத் தாய் என்ன செய்யிறா எண்டு நான் சொல்லமாட்டன்.

பேரப்பிள்ளைக்குச் சளி சுகமோ? தலைக்கு ஒண்டும் போடாமல் குளிருக்குள்ளை கூட்டிக்கொண்டு திரியாதை. ஏசேல்லை, சொல்லுறன்.

அன்புடன்,
அம்மா