தலைசுற்றலுக்குக் கழுத்து எக்ஸ்ரே எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அடிக்கடி தலைசுற்றுகிறது என்று வருகிறவர்கள் பலர் கையில் கழுத்து எக்ஸ்ரேயோடுதான் வருகிறார்கள். அறுபதைத் தொட்ட யாருக்கு எடுத்தாலும் கொஞ்சம் எலும்புத் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதையே காரணமாக்கிவிட முடியாது. எவ்வளவு நேரம் சுற்றியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும்.

படுக்கையில் புரளும்போதோ, பரணை அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உட்செவியின் கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். இது ஸ்கேனில் தெரியாது. டிக்ஸ்-ஹால்பைக் சோதனை போதும்: கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, வேகமாக மல்லாக்கச் சாய்த்து, தலை விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடிக்க வேண்டும். துகள் புகுந்திருந்தால், சில விநாடி கழித்துத்தான் கண்மணி துடிக்கத் தொடங்கும். அதற்குள் எழுப்பிவிடுவதும், நோயாளி பயத்தில் கண்ணை மூடிக்கொள்ள விட்டுவிடுவதும், ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதும்தான் தவறுகள். உறுதியானால் அதே கட்டிலில் எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வெளியேற்றலாம்.

20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் இருந்தால் மெனியர் என்ற உட்செவி நோயா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சுற்றல் நின்ற பிறகு கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால், ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அதிகம் தவறவிடப்படுவது ஒற்றைத் தலைவலி சார்ந்த சுற்றல். ஒவ்வொரு முறையும் தலை வலிக்க வேண்டும் என்பதில்லை. வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகிறதா என்று கேளுங்கள். எழுந்து நிற்கும்போது மட்டும் கிறுகிறுத்தால், படுத்த நிலையிலும் நின்ற 1, 3 நிமிடங்களிலும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால், சாப்பிடும் பிரஷர் மாத்திரையையும் மருத்துவர் ஒருமுறை பரிசீலிக்க வேண்டும்.

ப்ரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்ற தலைசுற்றல் மாத்திரைகள் எல்லாம் கடுமையான சில நாட்களுக்கு மட்டுமே. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்கினால் மூளை சமநிலையை மீட்பது தாமதமாகும்; முதியவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம்.

பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிதல், பிடிமானமின்றி நிற்கவே முடியாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தலைசுற்றலோடு வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மற்ற நேரத்தில், சுற்றும்போது கண்ணைத் திறந்து வைக்கச் சொல்லி, வீட்டில் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்து வந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
காது, மூக்கு, தொண்டை மருத்துவர்,
மதுரை