எடையும் நடனமும் ஒரே வகுப்பில் வேண்டும்: மூத்தோர் உடற்பயிற்சித் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 65 வயதைக் கடந்தவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்புகளைத் திட்டமிடும் பொறுப்பில் உள்ள உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். எடைப் பயிற்சிக்கு ஒரு நாள், நடனத்துக்கு வேறொரு நாள், இரண்டுக்கும் வெவ்வேறு பயிற்றுநர்கள் என்று பிரித்துவைத்து, வருபவர் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடும் வழக்கத்தை மாற்றி, இரண்டையும் ஒரே திட்டத்தின் பகுதிகளாக அமைத்துத் தாருங்கள். தேர்வை வகுப்புக்கு வரும் மூத்தோராகிய எங்களிடம் விட்டால் என்ன ஆகும் என்பது நீங்கள் அறியாததல்ல. இசையை விரும்புபவர்கள் டம்பெல்லின் பக்கமே திரும்புவதில்லை. எடை தூக்கிப் பழகியவர்கள் ஆடக் கூச்சப்படுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மூத்தோருக்கு இப்படிப்பட்ட தேர்வு எதையும் தரவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு, குறைந்தது 2 நாள்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, இவற்றோடு சமநிலையையும் வலிமையையும் முதன்மையாகக் கொண்ட பலவகைப் பயிற்சி 3 நாள்களாவது வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஒரே நேரத்தில் இவற்றில் பலவற்றை நிறைவேற்றும் வகுப்பு ஒன்றை வடிவமைக்க முடியும் என்பதே என் வாதம்.

எடைப் பயிற்சி முதுமையிலும் பலன் தரும் என்பதில் இன்று ஐயத்துக்கு இடமில்லை. மருத்துவ ஆய்வாளர் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, சராசரியாக 87 வயதான, உடல் நலிந்த 100 பேர் பங்கேற்றனர். அவர்களில் 10 வாரங்கள் கடுமையான எடைப் பயிற்சி பெற்றவர்களின் தசை வலிமை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. பயிற்சியின்றி ஊட்டச்சத்து மட்டும் பெற்றவர்களிடம் அப்படி ஒரு முன்னேற்றம் இல்லை. ஆனால் அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண்ணும் இருக்கிறது. வலிமை அவ்வளவு உயர்ந்த அந்தக் கால்களின் நடைவேகம் ஏறத்தாழ 12 விழுக்காடுதான் கூடியது. நலிந்த ஒருவருக்கு அதுவும் பெரிய பேறுதான். என்றாலும், தசையில் சேர்ந்த வலு முழுவதும் தானாகவே நடைக்குப் போய்ச் சேர்ந்துவிடாது என்பதை அந்த இடைவெளி காட்டுகிறது. சேர்ந்த வலுவை எந்தக் கணத்தில், எந்தத் திசையில், எவ்வளவு விரைவாகச் செலுத்துவது என்பதை உடல் தனியே கற்க வேண்டியிருக்கிறது.

அதைக் கற்பிப்பதற்கு நடனத்தைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். நாற்காலியிலிருந்து எழுவதிலும் எடையைத் தள்ளுவதிலும் உடல் பெரும்பாலும் முன்னும் பின்னுமாக, மேலும் கீழுமாகவே அசைகிறது. இடுப்பெலும்பு முறிவோ பெரும்பாலும் பக்கவாட்டில் விழும்போது நேர்கிறது. பக்கவாட்டில் அடிவைப்பது, ஒரு காலில் எடையை நிறுத்தி மறு காலை விடுவிப்பது, திரும்புவது, தாளம் மாறும்போது அடியையும் மாற்றுவது, இவ்வளவையும் செய்துகொண்டே அடுத்த அசைவை நினைவில் வைத்திருப்பது ஆகியவை ஆட்டத்தில் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் நடந்து 2017இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு, 18 மாத காலம் ஒரு குழுவுக்குப் புதிய புதிய நடனக் கோர்வைகளையும், மற்றொரு குழுவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் வழக்கமான உடற்பயிற்சிகளையும் அளித்து ஒப்பிட்டது. மூளையில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இரு குழுவினரிடமும் வளர்ந்திருந்தது. சமநிலை மேம்பட்டதோ நடனக் குழுவில் மட்டுமே.

இதனால் நடனமே போதும் என்று நான் சொல்லவரவில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, உடலுழைப்புகளில் நடனத்துக்கு மட்டுமே மறதிநோயின் அபாயக் குறைவோடு தொடர்பு இருந்ததாகக் கூறியது. அதை எடுத்துக்காட்டி நடனத்தை மருந்தாக விற்பவர்கள் உண்டு. ஆடும் நிலையில் இருந்தவர்கள் முன்பே மற்றவர்களைவிட நலமாக இருந்திருக்கக்கூடும் என்பதால் நான் அந்த முடிவைத் தயக்கத்தோடுதான் ஏற்கிறேன். மேலும், ஆட்டத்தில் தசை சுமப்பது பெரும்பாலும் உடலின் எடையை மட்டுமே என்பதால், ஓரளவுக்கு மேல் அது வலுவைக் கூட்டாது.

மருத்துவ ஆய்வுகளின் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்னும் அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வும் இதற்கு ஒத்துவருகிறது. 108 ஆய்வுகளை உள்ளடக்கிய அதன்படி, உடற்பயிற்சி விழுதல்களின் எண்ணிக்கையை 23 விழுக்காடு குறைக்கிறது. எடைப் பயிற்சி மட்டும், அல்லது நடனம் மட்டும் விழுதலைக் குறைக்குமா என்பது உறுதியாகவில்லை. ஆனால் சமநிலைப் பயிற்சியோடு வலுப் பயிற்சியையும் இணைத்த பலவகைத் திட்டங்கள் 34 விழுக்காடு குறைத்தன. அந்த இணைப்பில் சமநிலைப் பகுதியை நடனத்தின் வழியே தரலாம் என்பது என் சொந்தத் துணிபு. தனியே ஒற்றைக் காலில் எண்ணிக்கொண்டு நிற்பதைவிட, ஆடுவதற்காக மூத்தோர் தொடர்ந்து வருவார்கள்.

இணைப்பதோடு வேலை முடிந்துவிடாது. வயதானவர்களுக்கு என்றதும் எதையும் நீர்க்கச் செய்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதே ஒரு கிலோ எடை, அதே எலாஸ்டிக் பட்டை. நடனம் என்ற பெயரில் உட்கார்ந்தபடி கைதட்டல். எழ இயலாதவர்களுக்கு அது தேவைதான். எல்லோரையும் அங்கேயே நிறுத்திவைப்பது அக்கறையாகாது. 10 முதல் 15 முறை செய்த பின்னும் களைப்பு தெரியாவிட்டால் எடையைக் கூட்டுங்கள். கோர்வை மனப்பாடமாகிவிட்டால் அதை மாற்றுங்கள். தவறான அடி வைத்துத் தடுமாறித் திருத்திக்கொள்வதில்தான் பயிற்சியே இருக்கிறது.

வரிசைமுறை குறித்தும் ஒரு சொல். கால் தசைகளைக் களைக்கவைத்த உடனே புதிய அடிவைப்பையும் சுழற்சியையும் கற்பிக்காதீர்கள். தடுக்கி விழுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. புதிய கோர்வையை உடல் சூடேறியதும் கற்பித்து, நடுவில் எடைப் பயிற்சியை வைத்து, பழகிய எளிய ஆட்டத்தோடு முடிப்பது நல்லது. எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும் என்பதைப் பயிற்றுநர் வகுப்புதோறும் நினைவூட்ட வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தமோ அண்மையில் இதயப் பாதிப்போ உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலோடு வரட்டும். எலும்புப்புரை (எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நிலை) உள்ளவர்களுக்கு எடையோடு முன்குனிந்து முதுகைத் திருகும் அசைவுகளைத் தவிர்த்து, பிடித்துக்கொள்ள நாற்காலியோ சுவரோ அருகில் இருக்கும்படி இடமளியுங்கள்.

இரண்டையும் அறிந்த பயிற்றுநர் கிடைப்பது அரிது என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். ஒருவரிடமே இரண்டையும் எதிர்பார்க்காமல், இரு பயிற்றுநர்களும் ஒரே வகுப்பை மாறிமாறி நடத்தினாலே போதுமானது; ஒருவர் செய்வதை மற்றவர் நின்று பார்க்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

கடைசியாக, அளந்து பாருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்ற சோதனைக்கு ஒரு கடிகாரமும் நாற்காலியும் போதும். வகுப்பில் சேரும் நாளிலும் 12 வாரங்களுக்குப் பின்னும் அதை ஒவ்வொருவருக்கும் செய்து, எண்ணிக்கையை உங்கள் பதிவேட்டில் குறித்து, அவரவரிடமும் தெரிவியுங்கள். அடுத்த பருவத்துக்கான அட்டவணையை வகுக்கும் முன் இக்கோரிக்கையைப் பரிசீலித்து, ஒரு குழுவோடாவது தொடங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புகளில் பயிலும் மூத்தோருள் ஒருவர்